பத்து இஞ்ச் சப்வூஃபர்

என் வீட்டுக்காரர் ரெக்சனைத் தூங்க வைக்க ஒரு படம் போட்டால் போதும். பெயர் போட்டு முடிவதற்குள் குறட்டை வந்துவிடும். பாட்டும் அப்படித்தான். கோயில் திருவிழாவில் கச்சேரி நடந்தால் ஐஸ் வண்டிப் பக்கம் போய் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ஏளா எமில்டா, கிளம்பு. டிவிக்கு ஒரு சப்வூஃபர் வாங்கணும்" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

பயப்படுவது எனக்குப் பழக்கம். அவர் சங்கு குளிக்கிறவர். காலையில் வள்ளம் கிளம்பினால், காற்று வருகிற கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அறுபது அடி ஆழத்தில் சங்கு தேட வேண்டும். மேலே வருமுன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பார்கள். விசைப்படகு எஞ்சின் சத்தம் வந்தால், அது போகும்வரை அடியிலேயே பொறுத்திருக்க வேண்டும். கேட்காமல் மேலே வந்தால் புரொப்பல்லர் ஆளை விட்டுவைக்காது.

போன மாதம் ஒரு விசைப்படகு இவர் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. வள்ளத்தில் இருந்தவர்கள் அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து உலுக்கி எச்சரித்ததால் தப்பித்தார். இதை அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. வள்ளத்துச் சொந்தக்காரர் அம்புரோஸ் அண்ணனின் மனைவி சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து நான் கேட்டதற்கு, "சத்தம் கேட்டு நான் கீழதான் நின்னேன். கயிறு எதுக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்காரர் நேசக்குமார் அண்ணாச்சி நல்ல மனுஷர். "ரூம் என்ன அளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிச்சத்தத்துக்கான அந்தப் பெட்டிகளைக் காட்டினார்.

"பத்துக்குப் பன்னெண்டா? அப்ப எட்டு இஞ்ச் தாராளம். பாட்டுக்குன்னா இந்த மூடுன பெட்டி. ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும். படத்துக்குன்னா இந்த ஓட்டை வச்சது. குண்டு வெடிச்சா கதவு ஆடும். ரெண்டுக்கும் சேத்து, கையக் கடிக்காம வேணும்னா என் கணக்குல இந்தச் சின்னதுதான்."

ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். எனக்கே கால் ஆடியது. இவர் மட்டும் கடைவாசலில் போகிற லாரியைப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பாட்டு வேண்டாம் அண்ணாச்சி. இதைப் போடுங்க. மத்த ஸ்பீக்கர அமத்திருங்க, அடிச்சத்தம் மட்டும் வரட்டும்."

போட்டதும் கடைக்குள் டுக் டுக் டுக் என்று ஒரு விசைப்படகு வந்தது. அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது எந்தப் படத்துல வருது?" என்றார். இவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "என்ட்ட சொல்லாம போடுங்க, சொல்லாம நிறுத்துங்க" என்றார்.

ஒவ்வொரு பெட்டியாக நடந்தது. பத்து இஞ்ச் பெட்டிதான் மேசையையே ஆட்டியது. இவர் உள்ளங்கையை மேசைமேல் வைத்திருந்தார். "இது போதும். இதுதான்" என்றார்.

"இது உங்க ரூமுக்கு ரொம்பப் பெருசு அண்ணாச்சி. பாட்டு குழகுழன்னு ஆயிரும்" என்றார் நேசக்குமார். இவர் திரும்பவில்லை. "பில்லு யார் பேருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை நான்தான் பெயர் சொன்னேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

ஒரு வருஷமாக இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். கூப்பிட்டால் வருவதில்லை, கேட்டால் பதில் இல்லை. "உங்கள்ட்ட சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்பேன். சங்கு குளிக்கிறவரிடம் சொல்வதால் எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன். "உங்களுக்குக் காது கேக்கலியா?"

பெட்டியின் அட்டையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "இடது சுத்தமா போச்சு. வலதுல பேச்சு கொஞ்சம் மந்தம். வாயப் பாத்துச் சமாளிக்கேன்."

"டாக்டர்ட்ட போவோம்."

"போனா கடலுக்குப் போகாதன்னு சொல்லுவாரு. பேச்சு கேக்காட்டா என்னளா? கடலுக்கடியில யாரு பேசுதா? எஞ்சினோட அடிச்சத்தம் கேட்டா போதும். போன்ல போட்டா கொசு கத்துன மாதிரி இருக்கு, அதான் இத வாங்குனேன். நாளைக்கு நீயே போட்டுப் பாரு. கேக்கலன்னா திங்கக்கிழமையிலருந்து போகல. இது சத்தியம்."

எனக்குப் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. போனால் உயிர் போகும். போகாவிட்டால், நாற்பத்தைந்து வயதில் அந்த மனுஷனுக்குக் கடலைத் தவிர ஒன்றும் தெரியாது. இரவெல்லாம் மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமலே ஜெபமாலை உருட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பெட்டியை மூலையில் வைத்து, போனை என் கையில் கொடுத்தார். சுவரைப் பார்த்து நின்றார். "சத்தம் வந்தா கைய தூக்குவேன். நின்னா இறக்குவேன்."

போட்டேன். கை உயர்ந்தது. நிறுத்தினேன். இறங்கியது. ஐந்து தடவையும் சரி. "பாத்தியா?" என்று திரும்பிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் கண்ணீரோடுதான் கீழே பார்த்தேன். வெறுங்கால். விரல்களை விரித்துத் தரையில் அழுத்தி நின்றிருந்தார். தரையின் அதிர்வு என் காலுக்கே தெரிந்தது.

பார்க்காதது மாதிரி இருந்திருக்கலாம். இன்றைக்கும் அப்படி நினைப்பேன்.

சோபா மெத்தைகள் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். "இதுல ஏறி நில்லுங்க."

"எதுக்கு?"

"கடல்ல நீங்க மெதக்கையில காலுக்குத் தரையா இருக்கு?"

சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் ஏறி நின்றார். கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதைக் கொடுத்தார்.

போட்டேன். கை எழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி நடுங்கியது. இன்னும் கூட்டினேன். அடுக்களையில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. அந்த டுக் டுக் என் நெஞ்சுக்குள்ளேயே வந்தது. படகு அவர் தலைக்கு மேலே வந்துவிட்டது. அவர் காது கொடுத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்தினேன். வீடே அமைதியானது. அதே போனில் அம்புரோஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். தெரு முனைவரை கேட்கிற குரல் எனக்கு. அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினேன்.

"அண்ணே, நாளைக்கு அவரு வரல. இனிமேலும் வேண்டாம். கூப்பிடாதிய. அவருக்குக் காது கேக்கல."

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சு தாயி" என்றார் அவர். "அவன் பக்கத்துல இருக்கானா? அவனுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான் நிக்காரு" என்றேன்.

நாலடி தூரம்கூட இல்லை. மெத்தைமேல் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றார். சட்டை முதுகெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. போனை வைத்தேன். கிட்டே போய்த் தோளைத் தொட வேண்டும் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அப்போது அவர் கை மெல்ல மேலே போனது.

"இந்தா, வருதுளா" என்றார். "தூரத்துல வருது. நல்லா கேக்கு."