பதினோரு நிமிடச் சுருள்

நஜீபா பஞ்சை எலுமிச்சை நீரில் நனைத்து உம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. துனிஸிலிருந்து அண்ணன் ஹாத்திம்.

"கேமரா கிடைச்சிருச்சு நஜீபா. நேத்து சாயங்காலம் கைக்கு வந்துச்சு. இப்ப வேன்ல ஏறிட்டேன், மத்தியானம் காபிஸ்ல, நம்ம வீட்டுல இருப்பேன். உம்மா எப்படி இருக்கா?"

"இருக்கா."

"பேசுறாளா?"

"நேத்து பேசினா. இன்னிக்கு இன்னும் கண்ணு திறக்கல."

அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுபோல, "அந்தக் கிழவி லேசுல குடுக்கல. யாரைப் படம் பிடிக்கப் போறேன்னா. எங்க உம்மாவைன்னேன். அழகியான்னு கேட்டா. எழுபத்தெட்டு வயசுன்னேன். 'அந்த வயசுக்கு எல்லாரும் அழகிதான், எடுத்துட்டுப் போ'ன்னுட்டா" என்றான்.

நஜீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதமாக இந்த அலைச்சல். உம்மா நாற்பது வருஷமாக வாய் திறக்காத ஒரு ராத்திரி அந்த வீட்டில் இருந்தது. ரொட்டி விலை இரண்டு மடங்கான ஜனவரி. மூத்தவன் பஷீர், பதினெட்டு வயது, ஊர்வலத்திலிருந்து ஓடிவந்து மொட்டை மாடியில் ஒளிந்திருந்தான். போலீஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளிருந்து யாரோ திறந்தார்கள். பஷீரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. "நான்தான் திறந்தேன்" என்று பாபா மறுநாள் தெருவே கேட்கச் சொன்னார். அப்போது பத்து வயதாயிருந்த ஹாத்திம் அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினான். பாபா செத்தபோதும் அவரைச் சுமந்த சந்தூக்குக்கு அவன் தோள் கொடுக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் நுரையீரலில் நீர் கோத்துப் படுத்ததும், உம்மா தானாகவே சொன்னாள்: "அந்த ராத்திரியைச் சொல்றேன். ஒரு தடவைதான் சொல்லுவேன்."

ஹாத்திம் கைபேசியை நீட்டினான். உம்மா தட்டிவிட்டாள். "இதுல எடுத்தா சாயங்காலத்துக்குள்ள ஊரே பாக்கும். பக்கத்து வீட்டு ரீம் கல்யாணத்துல ஆடினதை மீன் மார்க்கெட்ல உக்காந்து பாத்தானுங்க. நீதான் பள்ளிக்கூடத்துல பசங்களுக்குச் சுருள் படம் காட்டுறியே, அதுல எடு. டப்பாவுல போட்டு மூடு. பாக்கணும்னு நினைக்கிறவன் இருட்டுல உக்காந்து பாக்கட்டும்."

பள்ளித் திரைப்படக் குழுவின் கேமரா சாவி முறுக்கி ஓட்டுவது. அரை நிமிஷத்துக்கு மேல் ஓடாது. உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அன்னிக்கு நல்ல மழை. பஷீர் செருப்பைக் கையில தூக்கிட்டு வந்தான்" என்று தொடங்கினாள். கேமரா நின்றது. ஹாத்திம் சாவியை முறுக்கினான். "அப்புறம் உம்மா?" என்றான். மறுபடி நின்றது. உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"விக்கல் எடுக்குற பெட்டிகிட்ட நான் பேச மாட்டேன். நிக்காம ஓடுறது ஒண்ணு கொண்டா."

மோட்டார் வைத்து, பெரிய சுருள் போட்டால் பதினோரு நிமிஷம் நிற்காமல் ஓடும் கேமராக்கள் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்காரர்களிடம் இருந்தன. இப்போது யாரிடமும் இல்லை. பழைய திரைப்படச் சங்கத்து ஆட்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, செத்துப்போனவர்களின் முகவரிகள் என்று ஹாத்திம் அலைந்தான். கடைசியில் துனிஸை ஒட்டிய ஹல்குல்வாதியில் ஒரு செய்திப்பட ஒளிப்பதிவாளரின் விதவை, அலமாரிக்கு மேலே கம்பளியில் சுற்றி வைத்திருந்தாள்.

"பதினோரு நிமிஷம் போதுமா உம்மா?" என்று அவன் புறப்படும்போது கேட்டதற்கு, "அந்த ராத்திரி அவ்வளவு நேரம்கூட ஆகல" என்றாள்.

ஒன்பது மணிக்கு உம்மா கண் திறந்தாள்.

"வந்துட்டானா?"

"வழியில இருக்கான் உம்மா. பெட்டி கிடைச்சிருச்சு."

உம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நஜீபா நினைத்திருக்கவில்லை.

"நஜீபா, கதவைத் திறந்தது உங்க பாபா இல்ல."

கிண்ணத்து நீர் போர்வையில் சிந்தியது.

"இரு உம்மா, இரு. இப்ப வேணாம். ஹாத்திம் வந்துரட்டும். ஒரு தடவைதான் சொல்லுவேன்னியே, இப்பவே சொல்லிட்டா எப்படி? மூச்சைச் சேத்து வை."

உம்மா அவளையே பார்த்தாள். பிறகு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு திறக்கவில்லை. பத்தரை மணிக்கு, உம்மாவின் தங்கை ஷெரீஃபா காலா காதருகே கலிமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மார்பு ஏறாமல் நின்றது. காலா கண்களை மூடிவிட்டு, தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினாள். ஹாத்திமுக்கு நஜீபா போன் செய்யவில்லை. வேனில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் அவன் அழ வேண்டாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

குளிப்பாட்டும்போது காலா உம்மாவின் வலது கையைத் தூக்கிப் பிடிக்க, நஜீபா தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்கை விரிந்து கிடந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். ஆறு வயது நஜீபாவின் வாயை அன்றைக்குப் பொத்தியிருந்த கை அது. அடுப்படி மூலையில், உம்மாவின் மடியில். இன்னொரு கை அவள் இடுப்பை இறுக்கியிருந்தது. வெளியே வண்டிச் சத்தம் ஓயும்வரை இரண்டு கைகளும் விலகவே இல்லை.

வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். பஷீர் மாடியில். உம்மாவும் அவளும் அடுப்படியில். திறந்தது பாபா இல்லை என்றால், மிச்சம் ஒரே ஒருவன்.

செம்பு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"என்னடி, தண்ணி சுடுதா?"

"இல்ல காலா."

ஹாத்திம் ஒன்றேகாலுக்கு வந்தான். தோளில் கனத்த தோல் பெட்டி. முற்றத்தில் நிறைந்திருந்த பெண்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். ஒரு கிழவி நகர்ந்து வழிவிட்டாள். பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை அணைத்துக்கொண்டே உள்ளே போனான். கஃபன் துணியை விலக்கி முகம் பார்த்தான். "உம்மா, கொண்டு வந்துட்டேன்" என்றான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். சந்தூக்கின் முன்பக்கக் கொம்புக்குத் தோள் கொடுத்த ஹாத்திம் கபரஸ்தான் போய்ச் சேரும்வரை ஆள் மாற்ற விடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் இன்னும் வெயில் இருந்தது. வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவன் சட்டையில் செம்மண்ணோடு தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து கேமராவை வெளியே எடுத்தான். கண் வைக்கும் இடத்தின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாளா?" என்றான், கேமராவைப் பார்த்துக்கொண்டே.

"உன்னைக் கேட்டா. வந்துட்டானான்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"பாபாவைப் பத்தி?"

நஜீபா அவன் கைகளைப் பார்த்தாள். ஐம்பது வயதுக் கைகள். விரல் கணுக்களில் நரைத்த முடி. நகங்களுக்குள் மண். பத்து வயதில் அவை எவ்வளவு சிறியவையாக இருந்திருக்கும்.

"இல்ல," என்றாள். "எதுவும் சொல்லல."

அவன் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்த முகத்தில் இருப்பது என்னவென்று அவளால் சொல்ல முடியவில்லை.

"நேத்தே சுருளைப் போட்டு வெச்சுட்டேன். கிழவி வீட்டு விளக்கெல்லாம் அணைச்சு, இருட்டுல தடவித் தடவிப் போட்டேன். வந்த உடனே ஓட்டணும்னு."

சொல்லிக்கொண்டே மேலிருந்த சுருள் பெட்டியின் தாழை நெம்பினான்.

"வெயில் படுதே ஹாத்திம். பாழாப் போயிருமே."

"போகட்டும்."

மூடியைத் திறந்து ஃபிலிமின் முனையைப் பிடித்து இழுத்தான். முழம் முழமாக வந்து மடியிலும் தரையிலும் விழுந்தது. நிறுத்தாமல் இழுத்தான். தோள்கள் குலுங்கின, சத்தம் இல்லை.

"கூஸ்கூஸ் ஆறுதே, ரெண்டு பேரும் வாங்களேன்" என்று காலா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

நஜீபா எதிரே குந்தி உட்கார்ந்து தரையில் கிடந்த முனையைத் தேடி எடுத்தாள். கம்பளி நூலைச் சுற்றுவதுபோல, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக அதைச் சுற்றத் தொடங்கினாள். பெட்டிக்குள் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.