முள்வேலி தாண்டிய மேய்ச்சல்

பூமயிலுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அந்தக் கார்த்திகை முழுக்க அவள் அரை வயிறுதான். மழை பிந்தியதால் பிந்தி விதைத்த நெல், இப்போதுதான் ஒரு சாண் வளர்ந்திருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கண்மாய்ப் பக்கம் கத்தரித்தது போல் நுனி போயிருக்கும்.

பக்கத்து வயல் அவளுடைய அண்ணன் வேல்ராஜுடையது. அண்ணன் மேல் அவளுக்குச் சந்தேகமில்லை. அண்ணன் பெண்டாட்டி வெள்ளையம்மாளிடம் பதினெட்டு ஆடுகள் இருந்தன, போதாதா?

கருவேல முள்ளை வெட்டி வரப்பை அடைத்தாள். மறுநாளும் பயிர் போயிருந்தது. முள் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஆடு பறந்தா வந்துச்சு? முள்ள எடுத்து மேயவிட்டுட்டு, திரும்ப அச்சுப் பிசகாம வச்சிருக்கா, கெட்டிக்காரி" என்று புருஷன் நாகநாதனிடம் பொருமினாள். வயலில் விரல் நீளத்துக்குப் பச்சையாய் எச்சம் கிடந்தது. இளம்பயிரைத் தின்று ஆட்டுக்குக் கழிச்சல் கண்டிருக்கிறது என்று அதற்கும் ஒரு தீர்ப்பு எழுதினாள்.

"கண்மாய்ல வாத்து கெடக்குல்ல, அதுவா இருக்குமோ?" என்றான் நாகநாதன்.

"வாத்து எங்கயாச்சும் பச்சையத் திங்குமா? அறுத்த வயல்ல மேய்க்க வர்ற வாத்த நீங்க பாத்ததே இல்லையா? நத்தை, சிந்துன நெல்லு, அம்புட்டுதான்."

கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக அந்த ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பகலெல்லாம் அவை நடுத்தண்ணீரில் சாதுவாய் மிதந்தன. அவற்றின் மேல் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை. மதினி மேல் போட வந்தது.

பூமயில் புகார் வைத்த ஊர்க்கூட்டத்தில் வெள்ளையம்மாள், "எங்க ஆடு மேயல" என்று ஒரே வார்த்தையில் சொன்னாள்.

"அப்ப வெள்ளிக்கெழமை அய்யனார் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க மதினி."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் குற்றம் இல்லை என்று அர்த்தம். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். தையில் பூமயிலின் மகள் மதுமதிக்குக் கல்யாணம், மாலை எடுத்து வரவேண்டிய தாய்மாமன் வேல்ராஜ். எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். மடியில் கனம் இருப்பவள் சூடத்தைப் பார்த்ததும் ஒத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"வாரேன்" என்றாள் வெள்ளையம்மாள்.

அந்தப் பதில் பூமயிலை உறுத்தியது. கையும் களவுமாய்ப் பிடித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை கோழி கூவுமுன் போய் வரப்பு மறைவில் உட்கார்ந்தாள். வெளிச்சம் வந்தபோது வயலில் சாம்பல் நிறத்தில் முப்பது நாற்பது உருவங்கள் நின்றன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள், ஆடுகளைப் போலவே பயிரைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் மேயவில்லை. கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டிக் காவல் நின்றது. சற்றுப் பொறுத்து அது குனிய, இன்னொன்று கழுத்தைத் தூக்கியது. காவலை நம்பி மற்றவை நிம்மதியாக மேய்ந்தன. பூமயில் எழுந்ததும் காவல் வாத்து கத்தியது. மொத்தக் கூட்டமும் முள்வேலிக்கு மேலே பறந்து போனது. அவை நின்ற இடமெல்லாம் பச்சை எச்சம் கிடந்தது.

கோயிலுக்கு ஓடினாள். வெள்ளையம்மாள் ஈரத்தலையோடு நின்றிருந்தாள். காலடியில் சாமிக்குக் கொண்டுவந்த தண்ணீர்க்குடம். சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"வேணாம் மதினி! வாத்துதான்! எங்கண்ணால பாத்துட்டேன். ஒங்கள நம்புறேன் மதினி!"

"வாத்தப் பாத்துட்டு வாத்த நம்புற. என்னைய எங்க நம்புன?"

"அதான் சொல்லிட்டால்ல, விடு" என்று வேல்ராஜ் பெண்டாட்டியின் கையைப் பிடித்தான்.

அவள் உதறினாள். "இவ பிள்ளைய மொதல்ல கையில வாங்குனவ நான். நாளைக்கு வேறொண்ணு காணாமப் போனா அப்பவும் நான்தான் கள்ளி."

உள்ளங்கை சூடத்தின் மேல் விழுந்தது. தீ அணைந்தது.

ஓடி வந்த இளைப்பில் பூமயிலின் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவளால் கேட்க முடியவில்லை.