பச்சைக்கல்காரியும் ஏழு வளைய லென்ஸும்

டாக்டர் எர்னான் இரியார்த்தே தான் வடிவமைத்த லென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். பெருமிதத்தில் மூடுகிறார் என்று வரவேற்பறைப் பெண்கள் நினைத்தார்கள். எரிச்சலில் மூடுகிறார் என்று எனக்குத் தெரியும். போகோத்தாவின் காய்ந்த மலைக்காற்றில் அந்த லென்ஸ் மதியத்துக்கு மேல் கண்ணில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நானே என் லென்ஸைத்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லாமல் விடமாட்டார்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கான காண்டாக்ட் லென்ஸ் அது. ஏழு வளையங்கள். ஒரு வளையம் தூரத்துக்கு, அடுத்தது கிட்டத்துக்கு, இப்படியே மாறி மாறி. இரண்டு காட்சியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போகும். வேண்டியதை மூளை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடும் என்பது அவருடைய கணக்கு. மூளைக்கு வேறு வேலையே இல்லை என்று நினைப்பு.

என் பெயர் யானெத் ருபியானோ. பார்வை அளக்க ஐந்து வருடம் படித்தவள். நகரத்தின் சப்பினேரோ வட்டாரத்தில் ஆறாவது மாடியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் லென்ஸைப் போட்டுவிட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது என் வேலை. நாற்பது பேர் வந்தார்கள். பத்து நாள் வட்டக் குறி போட்ட லென்ஸ், பத்து நாள் முக்கோணக் குறி போட்டது. ஒன்று ஏற்கெனவே கடையில் விற்பது, இன்னொன்று டாக்டருடையது. எது எது என்று அவருக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது என்பது விதி. நுண்ணோக்கியில் பார்த்தால் முக்கோண லென்ஸின் ஏழு வளையமும் பளிச்சென்று தெரிந்தது. தெரியாது என்பதெல்லாம் காகிதத்தில்தான்.

முக்கோண நாட்களில் டாக்டர் என் அறை வாசலில் வந்து நிற்பார். "மெதுவாப் படிக்கச் சொல்லுங்க யானெத், அவசரப்படுத்தாதீங்க" என்பார். நானும் அவசரப்படுத்தவில்லை. யாராவது தப்பாகச் சொன்னால், "இன்னொரு தடவை பாருங்களேன்" என்பேன். வட்ட நாட்களில் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இருபத்தேழாவது ஆளாக வந்தவர் ஒதிலியா பாச்சோன். ஐம்பத்து மூன்று வயது. ரொசாரியோ சதுக்கத்தின் ஓரம் நின்றுகொண்டே மரகதம் வாங்கி விற்பவர். கற்களை வெள்ளைக் காகிதத்தில் மடித்து மார்புப் பக்கம் செருகிவைத்திருப்பார்.

"கண்ணாடி போட்டா என்ன ஒதிலியாம்மா? லென்ஸுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க டாக்டரம்மா. எங்க தெருவுல நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்னு வெச்சுக்கோங்க, எதிர்ல நிக்கிறவன் 'கிழவிக்குக் கண்ணு போச்சுடா'ன்னு உள்பாக்கெட்டுல கெடக்கிற குப்பையை எடுத்து நீட்டுவான். வெறுங்கண்ணால ஒரு பார்வை பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கணும். எங்க தொழிலே அந்தப் பிதுக்கல்லதான் இருக்கு."

வட்ட லென்ஸில் அவருக்குப் பெரிய குறை இல்லை. "கிட்டத்துல கொஞ்சம் மங்கல், பரவாயில்ல" என்றார். அடுத்து முக்கோணம். பலகையில் சரசரவென்று இறங்கி வந்தார். கடைசி வரியில் இரண்டு எழுத்தில் தடுக்கினார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். சொல்லிவிட்டார். டாக்டர் வாசலில் நின்று தலையாட்டினார்.

"எல்லாம் தெரியுது. ஆனா ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலயும் அதோட தங்கச்சி ஒண்ணு நிக்குது" என்றார் ஒதிலியா.

"நிழல் மாதிரியா?"

"நிழல்னா கறுப்பா இருக்கும். இது வெளுத்துப்போய் நிக்குது, பால்ல தண்ணி ஊத்தின மாதிரி."

படிவத்தின் அடியில் 'கருத்துகள்' என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதினேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கட்டத்தை யாரும் கணக்குல எடுக்கமாட்டாங்க யானெத். வர்றவங்க மனசு ஆறட்டும்னு வெச்சிருக்கோம்."

ஆறு நாள் கழித்து ஒதிலியா முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். மூச்சிரைத்தது. லிப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி வந்திருக்கிறார். அன்று பார்த்து, லென்ஸைத் தயாரிக்க முன்வந்த கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து டாக்டரின் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தடுப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

"யாருங்க இந்த லென்ஸ் செஞ்ச மகராசன்?"

"நான்தான்" என்று எழுந்தார் டாக்டர். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது, கையைக்கூட நீட்டினார்.

ஒதிலியா அந்தக் கையில் ஒரு காகித மடிப்பை வைத்தார். "நேத்து இந்தக் கல்லை வாங்கினேன். நடுவுல விரிசல். முப்பது வருஷத்துல எந்தப் பயலும் எனக்கு விரிசல் கல்லைத் தள்ளினதில்ல. உங்க லென்ஸு அந்த விரிசலுக்குப் பாலை ஊத்தி மூடிருச்சு. பொம்பிலியோன்னு ஒருத்தன் இருக்கான், தெருவே சிரிக்கிற மாதிரி என்கிட்ட வந்து, 'அக்கா, ஜன்னல் கண்ணாடி நல்லதா ஒண்ணு இருக்கு, பார்க்கிறீங்களா'ன்னு கேக்குறான்."

"அம்மா, நீங்க பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கீங்க. பதிவுல இருக்கு."

"பலகையை நான் யாருக்கு விக்கிறது?"

கம்பெனிக்காரர்களில் இளையவர் காப்பியைக் கீழே வைத்தார். டாக்டர் அவர்கள் பக்கம் திரும்பி, "சிலருக்குப் பழக நாளாகும். நானே இதைத்தான் போட்டிருக்கேன், எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார்.

ஒதிலியா காத்திருந்ததே இந்த வார்த்தைக்குத்தான் என்று தோன்றியது. மேஜையில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, டாக்டர் கையிலிருந்த மடிப்பையும் வாங்கிப் பிரித்து, மொத்தம் ஐந்து கல்லை வரிசையாக வைத்தார். "அப்ப பாருங்க. இதுல நல்லது எது?"

டாக்டர் குனிந்தார். நிமிர்ந்தார். ஒரு கல்லை எடுத்துக் கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். ஜன்னலோரம் போனார். கடைசியில், "இது. நல்ல ஆழமான பச்சை" என்றார்.

"அது பியர் பாட்டிலோட அடி. தெருவுக்குப் புதுசா வர்றவனைக் கலாய்க்க வெச்சிருக்கோம்."

மூத்த கம்பெனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "டாக்டர் கல் வியாபாரி இல்லையேம்மா."

"சரி, வியாபாரம் வேண்டாம். விரிசல் எதுலன்னு காட்டட்டும். விரிசலைப் பார்க்க வியாபாரியாத்தான் பொறக்கணுமா?"

நான் டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு முப்பத்து நான்கு வயது, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நாலாவது கல்லின் குறுக்கே முடி விழுந்த மாதிரி ஒரு கோடு. இளைய கம்பெனிக்காரரும் பார்த்துவிட்டார், ஆனால் வாய் திறக்கவில்லை. டாக்டர் மட்டும் தேடினார். அப்புறம் அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, படிக்கிற கண்ணாடியை எடுத்து, தன் லென்ஸின் மேலேயே மாட்டிக்கொண்டு, "இதோ, இதுல" என்றார்.

ஒதிலியா உதட்டைப் பிதுக்கினார். பிறகு அங்கேயே நின்றபடி இரண்டு லென்ஸையும் கண்ணிலிருந்து கழற்றி, பாட்டில் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்ற கற்களை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பலகையில சராசரி என்ன வந்திருக்கு?" என்று கேட்டார். டாக்டர் எண்ணைச் சொன்னார். "அருமை" என்றார் அவர். மூவரும் கோழி சூப் சாப்பிடக் கிளம்பினார்கள்.

அந்த எண்ணை உண்டாக்கியவள் நான். 

எங்கள் அலமாரியில் இன்னொரு பலகை உண்டு. அதில் எழுத்துகள் கறுப்பாக இருக்காது. வெளிறிய சாம்பலில், மழைநாளில் எதிர்த்த கட்டடத்துப் பெயர்ப்பலகை தெரிவது போல இருக்கும். நல்ல லென்ஸா, வெறும் வாய்ச்சவடாலா என்று அதுதான் சொல்லும். ஆய்வுத் திட்டத்தில் அதை அடித்து, பக்கத்தில் 'அவசியமில்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் டாக்டர் இரியார்த்தே. நான் தூசி தட்டி அதைச் சுவரில் மாட்டினேன். மீதி வரவேண்டியவர்கள் பதின்மூன்று பேர். அவர்களின் சம்மதத்தோடு இரண்டு லென்ஸிலும் அதைப் படிக்கவைத்தேன். யாருக்கும் இன்னொரு தடவை கொடுக்கவில்லை. முக்கோணத்தில் பத்துப் பேர் வட்டத்தைவிட மூன்று வரி சறுக்கினார்கள்.

அதை எழுதி, அதற்கு முன்னால் நான் செய்த கைங்கரியத்தையும் எழுதி, ஆய்வுக்கு அனுமதி தந்த பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்களை யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல டாக்டர். அதான் அனுப்பினேன்."

"உங்களையும் சேர்த்துல்ல மாட்டிவிட்டிருக்கீங்க. உங்களுக்கென்ன பைத்தியமா?"

"படிவத்துல கருத்துகள்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எழுதிக்கோங்க."

குழு ஆய்வை நிறுத்தியது. நாற்பது பேரையும் திரும்ப வரவழைத்து வெளிறிய பலகையில் பார்த்தார்கள். வேறு ஆள் அளந்தார். முடிவு என்னுடையதேதான். என் பழைய அளவுகளைக் குப்பையில் போட்டார்கள். எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது, அதுவும் நியாயம்தான். டாக்டருக்கு ஒன்றும் வரவில்லை. கம்பெனி லென்ஸைத் திருத்தி வரச் சொன்னது.

எட்டு மாதம் கழித்து மெதெயின் நகரத்தில் ஒரு கண் மருத்துவ மாநாடு. மேடையில் டாக்டர் இரியார்த்தே. திரையில் என் பதின்மூன்று பேருடைய வரைபடம். "நோயாளியின் குரலைக் கேட்டு வடிவமைக்கும் துணிச்சல் நமக்கு வேண்டும். வெளிறிய எழுத்துப் பலகையை நான் வலியுறுத்தியது அதனால்தான்" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. புது லென்ஸில் ஒன்பது வளையமாம். எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, "உங்களுக்குப் பேச்சு பிடிக்கலையா?" என்று கேட்டார். "கால் வலி" என்றேன்.

ஊர் திரும்பியதும் இதைச் சொல்வதற்காகவே ரொசாரியோ சதுக்கத்துக்குப் போனேன். ஒதிலியா மூக்கில் தடித்த கண்ணாடியோடு நான்கு ஆண்களுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் கண்ணாடியைப் பற்றி ஏதோ முனகினான். "ஆமாண்டா, கண்ணாடிதான். இப்ப உன் கல்லு மட்டுமில்ல, உன் மூஞ்சியும் தெரியுது. ரெண்டுமே தேறாது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் கல்லை மடித்துக்கொண்டு நகர்ந்தான்.

மாநாட்டுக் கதையை முழுவதும் சொன்னேன். பாதிதான் காதில் வாங்கினார்.

"அந்த ஆளா? இன்னுமா லென்ஸு செஞ்சிட்டிருக்கான்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் யாரோ காகித மடிப்போடு வந்தார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டாக்டரம்மா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கல்லின் மேல் குனிந்தார்.