நாற்பத்திரண்டு கட்டத்தில் ஒரு கோப்பை டீ

என் கணவர் யசுனோரி முப்பத்தேழு வருடம் பியானோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தன் கையால் தேநீர் ஊற்றிக் குடித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து "இந்தா" என்பார். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை, நான் கொண்டுபோய் வைப்பேன். ஜப்பானில் எங்கள் ககெகாவா தேயிலைச் சரிவுகளின் ஊர். வீட்டுக்கு வீடு பச்சைத் தேநீர்தான்.

மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்து சோற்றுக் கரண்டியைத் தேடினால் காணவில்லை. மிசோ என்ற சோயா விழுதில் தினமும் வைக்கிற சூப்புக்கு ஒரு அகப்பை உண்டு, அதையும் காணவில்லை. சாப்பாட்டு அறைக் கதவைத் தள்ளினேன்.

"தள்ளாத" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அதற்குள் எதுவோ சடசடவென்று சரிந்தது.

என் வீட்டுச் சாமான் பாதி அங்கே கிடந்தது. சாப்பாட்டுக் குச்சிகளை இரண்டிரண்டாக ஒட்டித் தண்டவாளம் போட்டிருந்தார். அதில் ஒரு கோலிக்குண்டு உருண்டுபோய் வரிசையாக நிறுத்திய வீடியோ கேசட்டுகளைத் தள்ள வேண்டும். கடைசிக் கேசட் சோற்றுக் கரண்டியின் நுனியில் விழ வேண்டும், கரண்டியின் மறுமுனை எழும்பி ஒட்டு நாடாச் சுருளை உதைக்க வேண்டும். அங்கிருந்து இஸ்திரிப் பெட்டி, குளியலறை முக்காலி, என் குடை, துணிக்கிளிப்புகள் என்று போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க இது?"

"நாப்பத்திரண்டு கட்டம். கடைசில கெண்டி சாஞ்சு கோப்பைல டீ ஊத்தும்."

"கெண்டியைக் கைல எடுத்துச் சாய்ச்சா ஊத்தாதா?"

"அதுல என்ன சுவாரஸ்யம் இருக்கு?" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

எனக்குச் சுரீரென்றது. அந்தச் சுவாரஸ்யம் இல்லாத வேலையைத்தான் கல்யாணமான முப்பத்து நாலு வருடமாக நான் செய்துகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் அந்த அறைக்குள் நான் போக முடியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, சூப்பர் மார்க்கெட்டின் பொரியல் பகுதியில் மீனும் கிழங்கும் பொரித்துவிட்டு, கால் கடுக்க வீட்டுக்கு வந்தால் "மெதுவா நட, தரை அதிருது" என்பார். ஒரு நாள் தும்மினேன். பதினாறு கேசட் விழுந்தது. "தும்மறதுக்கு வெளிய போகக் கூடாதா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு மட்டும் சூப்பில் உப்பைக் கொட்டினேன். அதையும் பேசாமல் குடித்துவிட்டார், கவனம் அத்தனையும் கோலிக்குண்டில்.

பிறகு உள்ளூர்த் தொலைக்காட்சியிலிருந்து ஹோத்தா என்ற பெண் போன் செய்தாள். என்னிடம்தான் பேசினாள்.

"அம்மா, சார் எல்லாம் சொன்னாரு. இத்தனை வருஷம் எனக்கு டீ ஊத்திக் குடுத்தவளுக்கு, இப்ப நான் ஊத்திக் குடுக்கணும்னுதான் செஞ்சேன்னாரு. கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை படம் பிடிக்க வர்றோம்."

போனை வைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், என் மனசும் இளகித்தான் போயிற்று. மனுஷனுக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் இந்தச் சுற்று என்று நினைத்தேன். எனக்குப் புதிதாக ஒரு நீலச் சட்டை வாங்கினேன். வருகிறவர்களுக்கு அவரைப் பருப்பு உருண்டை வாங்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். ஹோத்தா, கேமராக்காரர், விளக்குப் பிடிக்க ஒருவர். பக்கத்து வீட்டு இகராஷி அம்மாளும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். கடைசிக் கட்டத்துக்கு எதிரே என்னை உட்கார வைத்தார்கள்.

முதல் முறை குடை விரியவில்லை. இரண்டாவது முறை இஸ்திரிப் பெட்டி பாதியில் நின்றது. மூன்றாவது முறை கோலிக்குண்டு கிளம்பியது, கேசட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன, கரண்டி எழும்பியது, சுருள் உருண்டது. என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கிளிப்புகள் பட்பட்டென்று தெறித்தன. அலமாரியிலிருந்து சோப்புத்தூள் டப்பா குதித்து நூலை இழுக்க, கெண்டி மெல்லத் தலை சாய்த்து ஊற்றியது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. தட்டோடு கோப்பை வழுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"குடிங்கம்மா" என்றாள் ஹோத்தா.

கோப்பைக்குள் பார்த்தேன். பச்சைத் தேநீர்.

"எனக்கு இது ஆகாது" என்றேன்.

"இந்தா, விளையாடாத. கேமரா ஓடுது" என்றார் அவர்.

"வயித்துல ஆபரேஷன் பண்ணப்பவே டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. நான் பச்சை டீ குடிக்கிறதில்ல."

"எப்பலேர்ந்து?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஒம்போது வருஷமா. பாதி வயித்த வெட்டி எடுத்தாங்களே, அப்பலேர்ந்து."

"நீ சொல்லவே இல்லையே."

"தினம் ராத்திரி உங்களுக்கு எதிர்லதான உக்காந்து குடிச்சேன். உங்க கோப்பைல பச்சை, என் கோப்பைல பார்லி வறுத்துப் போட்ட தண்ணி, பழுப்பு. கோலிக்குண்டு ஒரு நூல் விலகினாக்கூட உங்க கண்ணுக்குத் தெரியுது. இது தெரியலயா?"

விளக்குப் பிடித்தவர் தரையைப் பார்த்தார். ஹோத்தாதான் மெல்ல, "அம்மா, உதட்டுல வெச்சு எடுத்தாப் போதும், நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

"ஒரு வாய் குடிச்சா செத்தா போயிடுவ?" என்றார் என் கணவர்.

எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அவர்கள் வண்டி கிளம்பியிருக்கும் என்று தோன்றிய பிறகுதான் திரும்பினேன். உருண்டைத் தட்டு காலியாக இருந்தது.

பத்து நாள் கழித்து, வேலை இடத்து ஓய்வறையில் எல்லோரோடும் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். கெண்டி சாய்ந்தது, கோப்பை வந்தது. ஒரு கை அதை எடுத்தது. பருத்த விரல், சிவப்பு நகப்பூச்சு, கல் வைத்த மோதிரம். 'கணவரின் அன்பைப் பருகும் மனைவி' என்று எழுத்து ஓடியது. எண்ணெயில் நிற்கிற நான் நகத்துக்குச் சாயம் பூசியதே இல்லை. அது இகராஷியின் கை.

"குடுத்து வெச்சவ நீ" என்று பக்கத்தில் இருந்தவள் என் முதுகில் தட்டினாள். வாய் திறந்தால் அங்கேயே கத்திவிடுவேன் என்று எழுந்து போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அந்த அறைக்குப் போய்க் குச்சிகளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"என்ன பண்ற? அடுத்த மாசம் போட்டி இருக்கு" என்று ஓடி வந்தார்.

"இது என் கரண்டி. இது என் அகப்பை. இது என் குடை. உங்க சாமான வாங்கி உங்க வண்டிக் கொட்டகைல வெச்சு ஆடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. இகராஷி கைய எனக்கு ஒட்டிக் காட்டினீங்களே, அது ரொம்பத் தெளிஞ்ச வேலை. அது என் கை இல்லைன்னு நீங்க நாலு பேர் எதிர்ல சொல்ற வரைக்கும் இந்த வீட்ல உங்களுக்கு டீயும் கிடையாது, சோறும் கிடையாது."

ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க வரவில்லை.

நாலு வாரம் கடையில் விற்கும் டப்பா நூடுல்ஸில் ஓட்டினார். போட்டிக்குப் போகவில்லை. நானும் இறங்கி வரவில்லை. எனக்கு மட்டும் மீன் வறுத்து, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜூன் கடைசி ஞாயிறு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சாக்கடை வாரும் நாள். தெருச் சங்கத் தலைவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என் கணவரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சுகியுரா, டிவில பாத்தோம்பா. பொண்டாட்டிக்கு டீ போட்டுக் குடுத்து எங்க மானத்தையெல்லாம் வாங்கிட்டியே" என்று சிரித்தார்.

என் கணவர் வாரிய சேற்றைக் கூடையில் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அது இவ கை இல்ல. இகராஷி அம்மா கை. இவளுக்கு அந்த டீ ஆகாது, ஒம்போது வருஷமா ஆகாது. எனக்குத் தெரியல. தெரிஞ்சதுக்கப்புறமும் குடின்னு சொன்னேன்."

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். இகராஷி கையுறை போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எல்லோரும் குனிந்து வாரத் தொடங்கினார்கள், நானும்தான்.

என் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பாதி இறங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு, "மத்தியானத்துக்கு என்ன?" என்று கேட்டார். அரிசிப் பெட்டி எங்கே இருக்கிறதென்று அவருக்குக் காட்டினேன்.