தபால்காரர் தூங்கிய ஞாயிறு

மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் மெத்தைக்கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நண்பர்களைக் கூப்பிடுவாள். வியாபாரத்துக்கு அல்ல, பேசுவதற்கு. ஒரு கேள்வி, ஒரு பிளாஸ்க் தேநீர், ஆளுக்கொரு மெத்தை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டு நாலு பேரும் உலகத்தையே அலசிக் காயப்போடுவார்கள்.

அன்றைய கேள்வி அவளுடையது. "தூங்கும்போது நாம எங்க போறோம்?"

"எங்கயும் போகல. இங்கயேதான் கிடக்கிறோம்," என்றாள் அவள் அக்கா. கணக்கு டீச்சர், எதையும் இரண்டே வரியில் முடித்துவிடுவாள்.

"அப்போ கனவுல சுத்துறது யாரு டீச்சர்? பக்கத்து வீட்டுக்காரனா?" என்றார் முடிதிருத்துபவர்.

தபால்காரர் எகிறிக் குதிக்கவேண்டிய இடம் இது. சத்தமே இல்லை. மெத்தைக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை விளிம்பில் தொங்க, மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். ஊரெல்லாம் கதவு தட்டுகிறவர். தூக்கம் மட்டும் அதன்பிறகு அவர் கதவைத் தட்டியதில்லை.

"எழுப்புடி. அவர் இல்லாம பேச்சு உப்புச்சப்பில்லாம இருக்கு."

"மூச்! மெதுவா பேசுக்கா."

கிசுகிசுத்துக்கொண்டு சண்டை போட முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஷட்டருக்கடியில் நுழைந்த வெயிலில் பஞ்சுத் துகள்கள் மிதந்தன. கடையே மெல்ல எங்கோ நகர்வதுபோல மெத்தைக்கடைக்காரிக்கு இருந்தது.

"நான் கனவுல நீந்துவேன்டி," என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடி. "ரொம்ப தூரம். எனக்கு நீச்சலே தெரியாது."

"எனக்கு அப்பா வருவாரு," என்றார் முடிதிருத்துபவர். "முடி வெட்டிவிடுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டாரு. வெட்ட வெட்ட முடி குறையாது."

வெயில் சாய்ந்ததும் அக்காவும் முடிதிருத்துபவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல் வெளியேறினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தபால்காரர் திடுக்கிட்டு எழுந்தார். "எவ்வளவு நேரம் தங்கச்சி?"

"மூணு மணி நேரம் அண்ணா. எங்க போயிருந்தீங்க?"

அவர் யோசித்தார். "அவ வந்தாள்னு சொல்ல ஆசைதான். வரல. யாருமே வரல. நானும் அங்க இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சும்மா."

மெத்தைக்கடைக்காரி பிளாஸ்க்கைத் திறந்தாள். மிச்சமிருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்வரை இருவரும் மெத்தையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.