மூன்று கோடைக்குத் தண்ணீர்

அப்பாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் பின்கதவு தெரியும். பின்கதவைத் திறந்தால் மதில் தெரியும். பக்கவாதம் அப்பாவைப் படுக்கவைத்த நாளிலிருந்து, மகளின் உலகம் அதற்குள் அடங்கிவிட்டது.

வேறு ஊர் மருத்துவமனையில் அவளுக்கு இரத்தப் பரிசோதனைக்கூட வேலை கிடைத்திருந்தது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் அண்ணனிடம் சொன்னபோது, "உனக்கென்ன குறை? ராணி மாதிரி வீட்டுல இருக்கே," என்று சிரித்துவிட்டான்.

அன்று அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து அழைத்த அண்ணன், நாற்றுப்பண்ணை நடத்தும் ஓர் அம்மாளையும் அதே இணைப்பில் சேர்த்தான். மதிலுக்குள் காலியாகக் கிடக்கும் இடத்தில் பழைய ரகப் பழமரங்களாகத் தேடி வைக்க வேண்டுமாம். அப்பாவும் கேட்கட்டும் என்று அவள் கைப்பேசியைத் தலையணை மேல் வைத்தாள்.

"மா, நாவல், சிவப்புக் கொய்யா... எல்லாமே கடையில கிடைக்காத ரகமா இருக்கணும். விதை போட்டு முளைச்ச கன்னே அனுப்புங்க."

"விதைக் கன்னு தாய்மரத்துப் பழத்தையே கொடுக்கும்னு சொல்ல முடியாது தம்பி. தாய்மரத்துக் கிளையை வெட்டி ஒட்டுக் கட்டணும். நீங்க உறுதி சொன்னாத்தான் கிளையில கத்தி வைப்பேன்."

"கட்டுங்க, கட்டுங்க. ரெண்டு எலுமிச்சையும் சேர்த்துக்கங்க."

அவன் ஒவ்வொரு மரமாகச் சேர்க்கச் சேர்க்க, மதிலின் மேல் யாரோ இன்னொரு வரிசை செங்கல் அடுக்குவதுபோல் அவளுக்கு இருந்தது.

"முதல் மூணு கோடைக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?"

"தங்கச்சிதான். வீட்டுல சும்மாத்தானே இருக்கா."

"அப்ப அவங்க வாயால சொல்லட்டும். ஊத்துறவங்க சரின்னு சொல்லாம நான் கன்னு கொடுக்கிறதில்ல. பல பேரு ஆசையா வாங்கிக் காயவிட்டுட்டாங்க. அம்மாடி, இருக்கியா? உனக்குச் சம்மதமா?"

கரண்டி பாதி வழியில் நின்றது. சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. கடவுள் சில நேரம் முன்பின் தெரியாதவர் வாயால்தான் நம்மை விசாரிக்கிறார்.

"இல்லம்மா," என்றாள். "மூணு கோடைக்கு நான் இங்க இருப்பேன்னு சொல்ல முடியாது."

"ஏய், என்ன பேசறே?" என்றான் அண்ணன்.

அப்பா கஞ்சியை விழுங்கினார். வார்த்தைகளைக் கல் புரட்டுவதுபோல் புரட்டினார். "நீ... வந்து... ஊத்துடா."

நாற்றுப்பண்ணை அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டது இங்கே கேட்டது. "ஒரே ஒரு மாங்கன்னு மட்டும் ஒட்டுக் கட்டுறேன் அம்மாடி. என்கிட்டயே வளரட்டும். ஊத்த ஆள் கிடைச்சதும் சொல்லு," என்று சொல்லி இணைப்பிலிருந்து விலகினாள்.

அவள் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"நீ போயிட்டா அப்பாவை யாரு பார்க்கிறது?" என்றான் அண்ணன்.

அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத விடையாக அவள் இருந்தாள்.

"அதைத்தான்ணா நானும் கேக்கிறேன். நீயும் நானும் சேர்ந்துதானே யோசிக்கணும்?"

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மதில் அப்படியேதான் நின்றது. அவள் அடுத்த கரண்டியை எடுத்து ஊதினாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தபடி வாயைத் திறந்தார்.