துண்டு போட்டு வாங்கிய வேர்க்காளை

வண்டன்மேட்டுக் கைவினைச் சந்தையில் எருத்தேன்பதி நஞ்சப்பன் வாங்கிய, தேயிலை வேரில் செதுக்கிய காளை, கம்பம்மெட்டு இறக்கத்தில் வேனுக்குள் சாணி போட்டது. சாணி என்றால் மரத்தூள்தான். வாசம் மட்டும் மாட்டுச் சாணி வாசம். மருமகள் நர்மதா தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டிய மகன் கௌசிக் கண்ணாடியை இறக்கிவிட்டான். மனைவி வள்ளியாத்தாள் மட்டும் குனிந்து பார்த்து, கழிச்சல் இல்லை, கெட்டியாகத்தான் போட்டிருக்கிறது என்றாள். கல்யாணமான நாளிலிருந்து கட்டுத்தரை கூட்டியவள். சாணியைப் பார்த்தால் அவளுக்கு ஆச்சரியம் வராது.

நஞ்சப்பன் விவசாயி, அதைவிட முக்கியமாக மாட்டுத் தரகர். கிழக்குப் பாலக்காட்டு மாட்டுச் சந்தைகளில் விலையை வாயால் சொல்கிற பழக்கம் கிடையாது. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, மடக்கினால் இன்னொன்று, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. துண்டுக்கு வெளியே வாய்க்கு வேறு வேலை: விற்கிறவர் மாட்டைப் புகழ வேண்டும், வாங்குகிறவர் குற்றம் சொல்ல வேண்டும். இரண்டும் பெரும்பாலும் பொய் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நஞ்சப்பன், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் மாப்பிள்ளை முறையுமான பூபதிராஜாவுக்கு ஒரு பசுவை, பச்சைக் குழந்தை உட்கார்ந்து கறக்கலாம் என்று புகழ்ந்து விற்றார். அது முதல் நாளே பூபதிராஜாவின் முன்பல் இரண்டை உதைத்துத் தள்ளியது. பூபதிராஜா சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில், காற்றுப் போகிற வாயால், இனிமேல் அந்தத் துண்டுக்குள் கை விடுகிறவன் விரலை எண்ணிப் பார்த்து வெளியே எடுக்கட்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதுவரை வாய்க்கு வாய் மாமா என்று கூப்பிட்டவர் அன்றோடு அதையும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நஞ்சப்பனின் துண்டுக்குள் ஒரு கையும் வரவில்லை. சனிக்கிழமை தவறாமல் சந்தைக்குப் போவார், துண்டைத் தோளில் போட்டபடி போய்த் தோளில் போட்டபடியே திரும்புவார். வெயிலில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைதான். ஆனாலும் பிடிக்க ஆள் இல்லாததால் விரல்கள் மெலிந்து மோதிரம் கழன்று விழுந்தது. வள்ளியாத்தாள் அதை எடுத்து அரிசிப்பானைக்குள் போட்டு வைத்தாள்.

வைகாசியில் கௌசிக் எல்லோரையும் மூணாறும் தேக்கடியும் காட்டுவதற்கு அழைத்துப் போனான். நஞ்சப்பன் இரண்டையும் பார்த்து, பச்சையாக இருக்கிறது என்று சொன்னார். திரும்பும் வழியில் வண்டன்மேட்டில், ஏலக்காய் பறிப்பு இல்லாத மாதம் என்பதால் காலியாகக் கிடந்த மைதானத்தில், கைவினைச் சந்தை போட்டிருந்தார்கள். நர்மதா இறங்கியே தீர வேண்டும் என்றாள். மூங்கில் கூடை, கோரைப்பாய், சிரட்டைக் கரண்டி, பித்தளை விளக்கு, ஆணியில் தொங்கிய கதகளி முகங்கள். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அதோடு படம் பிடித்துக்கொண்டு, திரும்ப வைத்தார்கள். வள்ளியாத்தாள் ஒரு முறத்தைத் தட்டிப் பார்த்து, புடைத்தால் இரண்டு மாசம் தாங்காது, சுவரில் மாட்டத்தான் ஆகும் என்று கடைக்காரர் காதுபடச் சொன்னாள். கடைக்காரர் கோபப்படாமல், சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள் என்றார். நஞ்சப்பனுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. எல்லாப் பொருளிலும் விலை எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. விலையை எழுதி ஒட்டிவிட்டால் மனுஷனுக்கு மனுஷன் பேச என்ன இருக்கிறது என்று மகனிடம் கேட்டார். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் கடை கற்பகத்தினுடையது. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள். வயசான தேயிலைச் செடிகளைப் பிடுங்கி எறிந்தபோது அவள் புருஷன் அழகுமலை வேர்களைச் சுமந்து வந்து யானை, மான், காளை என்று செதுக்க ஆரம்பித்தான். செதுக்குவது அவன், தேய்த்து மெருகு போட்டு விற்பது அவள். அங்கே ஒரு காளை நின்றது. ஆட்டுக்குட்டி உயரம், திமிலும் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும் அளவெடுத்த மாதிரி. அதன் சீட்டு மட்டும் காற்றில் பறந்து போயிருந்தது. விலை எழுதாத காளையைக் கண்டதும் நஞ்சப்பனுக்குக் கால் நின்றுவிட்டது. அது மரம் என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். குனிந்து வாயைப் பிளந்து பல் பார்த்தார், பல் செதுக்கியிருக்கவில்லை. சுழி பார்த்தார். பிறகு துண்டை எடுத்து விரித்து, அடியில் கையை நீட்டினார்.

கற்பகத்துக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அவள் கையெல்லாம் மெருகு எண்ணெயாக இருந்தது. வயசான மனுஷர் பார்த்துவிட்டுத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுக்கிறார் என்று எண்ணினாள். "நல்லா இருப்பீகண்ணே" என்று சொல்லி இரண்டு கையையும் உள்ளே விட்டு, அழுத்தித் துடைத்தாள். துடைத்த துடைப்பில் நஞ்சப்பனின் விரல்கள் பிடிபட்டன, மடங்கின, விடுபட்டன. மூன்று வருஷம் கழித்து ஒரு கை வந்திருக்கிறது. ஆனாலும் வாய் தன் வேலையை விடவில்லை. முன்னங்கால் கோணல் என்றார். பச்சைப் புல்லைத் தொடாது, தேயிலைத்தூள்தான் கேட்கும், மூஞ்சியிலேயே எழுதியிருக்கிறது என்றார். கடைசியாக, வழக்கமாக விலையை உடைக்கிற பேச்சைப் போட்டார்.

"சண்டிமாடுங்க இது. நட்ட நடுப் பாதையில படுத்துதுன்னா, ஆரு வந்தாலும் எந்திரிக்காது."

கற்பகம் சிரித்து, "அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கும்ணே, உங்களை ஒண்ணும் செய்யாது" என்றாள். விரல்களின்படி பேரம் முடிந்திருந்தது. தன் ஆயுளில் இவ்வளவு சுத்தமாகப் பேரம் பேசிய ஆளைப் பார்த்ததில்லை என்று நஞ்சப்பன் பிற்பாடு சொல்வார். அவர் கொடுத்த தொகையைப் பார்த்து அவளும் திருப்திப்பட்டாள். என்ன தொகை என்பது துண்டுக்குள் நடந்த விஷயம், வெளியே வரவில்லை. மாடு விற்றால் விற்றவர் கயிற்றோடு கொடுக்கக் கூடாது, வாங்கியவர்தான் தன் கயிற்றைப் போட்டுப் பிடிக்க வேண்டும் என்பது முறை. நஞ்சப்பன் வேனுக்குப் போய் பெட்டி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து காளையின் கழுத்தில் போட்டார். மாட்டு வியாபாரத்துக்கு உண்டான சடங்கு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆகவே கம்பம்மெட்டு இறக்கத்தில் அது சாணி போட்டதில் தப்புச் சொல்ல இடமில்லை.

பழனியில் நிறுத்தியபோது அது ஒரு பக்கெட் தண்ணீர் குடித்து, ஊறிய மரம் மாதிரி உப்பியது. பொள்ளாச்சி வந்தபோது கன்றுக்குட்டி உயரம். நர்மதா முன்சீட்டுக்கு மாறினாள். கேரள எல்லையில் கால்நடை சோதிக்கிற ஜின்சன் என்பவர் வேனுக்குள் டார்ச் அடித்து, "சேட்டா, இது மரமோ மாடோ?" என்று கேட்டார். வாங்கும்போது மரம் என்று நஞ்சப்பன் உண்மையைச் சொன்னார். ஜின்சன் ஊசி போட்டுப் பார்த்தார், ஊசி ஒடிந்தது. மரம் என்று முடிவு செய்து இறங்கும்போது காளை அவர் புறங்கையை நக்கியது. நாக்கு சொரசொரவென்று இருந்தது. ஜின்சன் திரும்ப ஏறி, காதில் மாட்டுக்குப் போடுகிற மஞ்சள் அடையாள வில்லையைக் குத்தி, போகச் சொன்னார். வரிசையில் நாற்பது லாரி நின்றது. அவருக்கும் வேலை இருந்தது.

ஊர் வந்து இறக்கியதும் காளை லேசாக நொண்டியது. புல்லைப் போட்டார்கள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நர்மதா விளையாட்டாக ஒரு பொட்டலம் டீத்தூளைப் பிரித்து நீட்டினாள், காகிதத்தோடு தின்றது. பிறகு வாய்க்கால் பாதையில் நடந்து போய், நஞ்சப்பன் தோட்டத்துக்கும் பூபதிராஜா தோட்டத்துக்கும் பொதுவான இடத்தில், பூபதிராஜாவின் கேட்டுக்கு நேராகக் காலை மடக்கிப் படுத்தது. அதற்குள் முழுக்காளை அளவு வளர்ந்திருந்தது. அதோடு எழுந்திருக்கவில்லை.

பூபதிராஜாவின் டிராக்டர் உள்ளே மாட்டிக்கொண்டது. வெட்டிய தேங்காய் உள்ளேயே குவிந்தது. வாலை முறுக்கினார்கள், வாலைக் கடித்தார்கள்; கடித்தவருக்குச் சிலாம்பு குத்தியது. வைக்கோல் புகை போட்டார்கள். ஜேசிபி ஓட்டுகிற ரமேஷ்குமார் வந்து பார்த்துவிட்டு, காதில் வில்லை போட்ட உயிரைத் தூக்கினால் கேஸ் ஆகும் என்று போய்விட்டார். நாலாம் நாள் வள்ளியாத்தாள் குனிந்து பார்த்தபோது அதன் வயிற்றுக்கு அடியில் வெள்ளை வேர் இறங்கியிருந்தது. திமிலில் இரண்டு தளிர். இடவப்பாதிப் பருவமழையும் நெருங்கிவிட்டது. மழை விழுந்து வேர் பிடித்தால் பாதை காலத்துக்கும் அடைந்து போகும். இரண்டு வீட்டுக்கும் இப்போதே பேச்சு இல்லை, அப்புறம் கோர்ட்டு.

நஞ்சப்பன் கற்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். தான் விற்ற காளைகள் எர்ணாகுளம், பெங்களூர் என்று எத்தனையோ வீட்டில் ஷோகேஸில் நிற்கின்றன, ஒன்றுகூடக் காலை மடக்கவில்லை என்றாள் அவள். அவற்றையெல்லாம் சீட்டில் போட்ட விலைக்குப் பேசாமல் வாங்கிப் போனார்கள். இவர் ஒருவர்தான் நின்று பேசினார். போனை வைத்ததும் வள்ளியாத்தாள் சொன்னாள்.

"ஏனுங்க, கால் கோணல்னீங்க, நொண்டுது. டீத்தூளுன்னீங்க, திங்குது. படுத்தா எந்திரிக்காதுன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க. வாங்குனவிங்க வாய்ல வந்ததத்தான் அது பண்டுது."

அப்படியானால் வேறு யாராவது துண்டு போட்டு வாங்கினால் அவர் சொல்கிறபடி மாறும். ஆனால் குற்றம் சொல்லாமல் மாடு வாங்குகிற ஆள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுக்காவில் பிறக்கவில்லை. முட்டும் என்பார், இருமும் என்பார், கண் தெரியாது என்பார், அத்தனையும் சேர்ந்துகொள்ளும். அதுவும் போக, நஞ்சப்பன் துண்டுக்குள் கை விட யார் வருவார்கள்?

பூபதிராஜா வந்தார். வேறு வழியில்லை, தேங்காய் முளைக்க ஆரம்பித்திருந்தது. நஞ்சப்பனைப் பார்க்காமல் காளையைப் பார்த்து, "உன்னையும் பச்சைக் கொழந்தை கறக்கலாம்னு சொல்லித்தான் வித்தாங்களாக்கும்" என்றார். கேட்டில் சாய்ந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். நஞ்சப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். அது அந்தரத்தில் விரிந்தபடி நின்றது. பூபதிராஜா பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு யோசித்தார். வானத்தைப் பார்த்தார், மேற்கே கறுத்திருந்தது. பிறகு, பாம்புப் புற்றுக்குள் விடுகிறவர் மாதிரி, கையை உள்ளே விட்டார்.

வழக்கப்படி நஞ்சப்பன் புகழ வேண்டும். வாயும் திறந்துவிட்டது. காளை ஒரு காதைத் திருப்பியது. நஞ்சப்பன் வாயை மூடி, வேறு மாதிரி ஆரம்பித்தார். இது நொண்டும் என்றார். டீத்தூள் தவிர ஒன்றும் தின்னாது, சாணி எருவுக்கு ஆகாது, மரத்தூள். பொதி சுமக்காது, ஏர் பூட்ட முடியாது. படுத்தால் எழுந்திருக்காது, அதைத்தான் நீங்களே பார்க்கிறீர்கள். கரையான் வரலாம். வயிற்றில் வேர் விட்டிருக்கிறது. பூபதிராஜா ஒவ்வொரு குற்றத்தையும் சொல்ல வாயெடுப்பார், அதற்குள் நஞ்சப்பன் அதைச் சொல்லிவிடுவார். காளையின் குற்றங்களைச் சொல்லி முடித்ததும் நஞ்சப்பன் பழைய பசுவுக்குப் போனார்.

"அந்த மாடு ஒதைக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

ஆட்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். துண்டுக்குள் பூபதிராஜாவின் பிடி இறுகியது. விரல் ஒடியும் போலிருந்தது. நஞ்சப்பன் கையை இழுக்கவில்லை. வாங்குகிறவர் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் பேரம் முடியாது. பூபதிராஜா குளம்பிலிருந்து கொம்பு வரைக்கும் குற்றம் தேடினார். ஒன்றும் மிச்சம் வைக்கப்பட்டிருக்கவில்லை. கடைசியில், பல்லுக்கிடையில் காற்றுப் போக, வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

"கொம்பு நல்லாருக்குதுங்க, மாமா. எங்கூட்டு வாசல் வரைக்கும் வந்தாச் சரி."

விரல்கள் மடங்கின, விடுபட்டன. ஒருவர் கயிறு அவிழ்ந்து இன்னொருவர் கயிறு ஏறியது. வயிற்றுக்கு அடியில் படபடவென்று வேர் அறுந்தது. காளை எழுந்து, உடம்பை ஒரு தடவை சிலிர்த்து, நொண்டாமல் நடந்து, பூபதிராஜா வீட்டு வாசல் வரைக்கும் போய் நின்றது. சரியாக அதுவரைக்கும்தான். பத்து நிமிஷத்தில் மழை வந்தது.

இப்போதும் அது வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் நடக்கிறது, அதற்கு மேல் நடப்பதில்லை. வருஷா வருஷம் ஜின்சனின் ஆபீஸிலிருந்து வந்து வில்லையைப் பார்த்துப் போகிறார்கள். ஊசி எடுத்து வருவதில்லை. நஞ்சப்பனின் துண்டுக்குள் சனிக்கிழமைகளில் கை வருகிறது. குற்றத்தையெல்லாம் அவரே முதலில் சொல்லிவிடுவதால் வாங்குகிறவர்களுக்குப் பேச ஒன்றும் கிடைப்பதில்லை என்று சந்தையில் ஒரு மனக்குறை உண்டு. மோதிரம் அரிசிப்பானையிலிருந்து விரலுக்குத் திரும்பிவிட்டது. கற்பகம் கடையில் தனியாக ஒரு கைத்துணி வைத்துக்கொண்டாள், யார் துண்டு நீட்டினாலும் வேண்டாம் என்கிறாள். பூபதிராஜா புகழ்ந்த கொம்பு நன்றாகத்தான் வளர்கிறது, மழைக்காலத்தில் தளிர் விடுகிறது. அவர் வீட்டம்மா கிள்ளிக் காயவைத்து இடிக்கிறார். நொண்டல் போனாலும் டீத்தூள் பழக்கத்தை மட்டும் அது விடவில்லை; காளை தின்கிற தூளுக்கும் கொம்பில் வருகிற தூளுக்கும் ஏறக்குறையச் சரியாகப் போகிறது. சாயங்காலம் நஞ்சப்பன் அங்கே போனால் அந்த டீதான் கொடுக்கிறார்கள். கொஞ்சம் துவர்ப்பு. சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டால் குடிக்கலாம்.